வட்டுக்கோட்டையில் கிடைத்த பெயர்

2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட இந்தியர்களுக்கு வருகை விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு காலம் தள்ளிய என் நண்பர்கள் சிலர் குடும்பப் பெயருக்கு எங்கே போவது என்று திண்டாடினார்கள். யாழ்ப்பாணத்துக்காரியான என் மனைவியின் தாய்வழியில் அந்தத் தட்டுப்பாடு கிடையாது. அவர்களிடம் அசல் அமெரிக்கக் குடும்பப் பெயரே இருக்கிறது. (அதை இங்கே எழுத வேண்டாம் என்று மாமியார் கேட்டுக்கொண்டார்.) கூடவே ஒரு கதையும் இருந்தது: அவருடைய பூட்டனார் ஓர் அமெரிக்கர், கப்பலில் வந்தவர்.

ஷார்ஜாவில் பிறந்த என் மகள் அதை நம்பித்தான் வளர்ந்தாள். அமெரிக்கக் கல்லூரிக்கு எழுதும் விண்ணப்பக் கட்டுரையில் அந்தப் பூட்டனைச் சேர்க்கப் போவதாகச் சொன்னபோதுதான் நான் தேட ஆரம்பித்தேன். பொய்யான ஒன்றை அவள் தன் கையெழுத்தோடு அனுப்பிவிடக் கூடாதே.

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தொடங்கின. பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் படிப்புக்கும் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட கொடையாளர் அந்தப் பிள்ளைக்குப் பெயர் சூட்டலாம். தன் பெயரையோ, இறந்துபோன உறவினர் பெயரையோ, தன் சபைப் போதகர் பெயரையோ கொடுக்கலாம். மிஷனின் மாத இதழான 'மிஷனரி ஹெரால்ட்' இன்று வருடிய பக்கங்களாக இணையத்தில் கிடைக்கிறது. அலுவலகம் முடிந்த பல இரவுகள் அதில் கழிந்தன. எங்கள் பெயருக்குரியவர் நியூ இங்கிலாந்தில் ஒரு போதகர். இலங்கையை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கப்பலில் வந்தது பெயர் மட்டும்தான்.

விஷயம் தெரிந்த பிறகு எங்கு பார்த்தாலும் இந்தப் பெயர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. 'உதயதாரகை' ஆசிரியராக இருந்து 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட் என்று பெயர். 'நியாய இலக்கணம்' எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். அவர் மகன் நெவின்ஸ் செல்வதுரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கே அதிபரானார். இந்துக் கல்லூரி அதிபர் அமெரிக்கப் பெயரோடு உட்கார்ந்திருந்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இவர்களில் என்னை அதிகம் நிறுத்திவைத்தவர் தாமோதரம்பிள்ளை. கிங்ஸ்பரி என்ற பெயர் அவருக்கு இருந்தது. சைவராக வாழ்ந்து, தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரை நாம் சிறுப்பிட்டி வைரவநாதர் மகனாகத்தான் அறிவோம். ஆனால் அவர் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகராகவும் தமிழறிஞராகவும் விளங்கினார். அப்பா கழற்றி வைத்ததை மகன் எடுத்து மாட்டிக்கொண்டார்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் பூட்டனாருக்குப் பெயர் கொடுத்த போதகரின் பிறந்த ஊரையும் கல்லூரியையும் கல்லறையையும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பூட்டனாரை அவருடைய அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது மட்டும் நான் பார்த்த ஒரு பக்கத்திலும் இல்லை. மாமியாருக்கும் தெரியவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையை அவள் கைவிடவில்லை. "அப்போ அவர் அமெரிக்கர் இல்லை, ஸ்காலர்ஷிப்பில் படித்த ஊர்ப் பையன். அது இன்னும் நல்ல கதை அப்பா," என்றாள். முதல் பத்தியை அடித்துவிட்டு வட்டுக்கோட்டையிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறாள்.