வேடர் காடும் வர்த்தமானிக் கோடும்

கொட்டாஞ்சேனையில் உம்மாவின் வாப்பா சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவரை நாங்கள் அப்பா என்றே கூப்பிடுவோம். கடையின் பின்னறையில் கறுத்த தேன்போத்தல்கள் அடுக்கியிருக்கும். மகியங்கனைப் பக்கத்துச் சோனக வியாபாரி ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து கொடுப்பார். சில வேளை சாக்கில் சுற்றிய மான் வத்தலும் வரும். "இது வேடன் தேன் மகன், சீனிப்பாணி இல்ல" என்பார் அப்பா. எடுத்தவன் யார், எந்தக் காட்டில் எடுத்தான் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. முதுமையில், வெள்ளவத்தை மாடிவீட்டில் இருந்துகொண்டு கேட்கிறேன்.

கண்டி மன்னனின் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் வேடர் பற்றிய சில பக்கங்கள் உண்டு. இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தில் அடைத்துவைப்பார்களாம். இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தை இலையில் வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். முகம் பாராத வியாபாரம். பிற்காலத்தில் துணியும் உப்பும் சுமந்து பிந்தென்னைக் காடுகளுக்குப் போன சோனகர்களும் இந்தப் பண்டமாற்றில் பங்காளிகளானார்கள்.

உறவு எப்போதும் தேனாக இருக்கவில்லை. 1817இல் ஊவா வெல்லஸ்ஸையில் கிளர்ச்சி மூண்டதற்கு ஒரு காரணம், அப்பகுதிச் சோனகருக்குத் தலைவராக ஹாஜி மரிக்காரைப் பிரித்தானியர் நியமித்தது. அவரைக் கிளர்ச்சியாளர் பிடித்துக் கொன்றனர். பதுளையின் உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். நம் வரலாற்றாசிரியர்கள் மரிக்காரை எழுதுகிறார்கள். அம்பெய்தவர்களைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

வேடரின் காடு கைமாறியது அம்பாலோ துவக்காலோ அல்ல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்ற நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. வயல் செய்தவனிடம் வரம்பு இருந்தது, ஓலை இருந்தது. வேட்டையாடுபவன் நிலத்தில் எந்த அடையாளத்தையும் விட்டுவைப்பதில்லை. காட்டைக் கெடுக்காமல் வாழ்ந்ததே அவன் உரிமைக்கு எதிரான சாட்சியாயிற்று!

அதே காட்டில் துரைமார் ஆடிய வேட்டைக்குக் கணக்கே வேறு. மேஜர் றொஜர்ஸ் மட்டும் 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. மிருகங்கள் அருகிய பிறகுதான் பாதுகாப்பு நினைவுக்கு வந்தது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. அடுத்த வருடமே யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின.

1983 என்றால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எவருக்கும் ஜூலைதான் ஞாபகம். எரிந்த கடைகளுக்கு மத்தியில், அதே வருடம் நவம்பர் 9ஆம் திகதி வெளியான அறிவித்தலை யார் கவனித்தோம்? மகாவலித் திட்டத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காக்கவென, சுமார் 588 சதுர கிலோமீற்றர் நிலம் மாதுறு ஓயா தேசிய பூங்காவாகப் பிரகடனமானது. தம்பானை வேடரின் வேட்டைக்காடு அதற்குள் அடங்கியது. ஹெனானிகலை போன்ற இடங்களில் வீடும் வயலும் கொடுத்தார்கள். பலர் போனார்கள். தலைவர் ஊருவரிகே திஸ்ஸஹாமி சில குடும்பங்களோடு கொட்டபகினியவிலேயே இருந்துவிட்டார். நேற்றுவரை உணவு தேடப் போன பாதையில் இன்று போனால் அத்துமீறல். மான் அடித்தால் குற்றம். அவர் 1998இல் காலமானார். அவருக்குப்பின் தலைமையேற்ற மகன் வன்னில எத்தோ, அதற்கு முன்பே, 1996இல், ஜெனீவாவரை போய் இந்த வழக்கைச் சொல்லியிருந்தார்.

வேட்டையை முழுக்க அனுமதிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வில் போய்த் துவக்கு வந்துவிட்டது. பசிக்கு அடித்தது சந்தைக்கென்றும் ஆனது. ஆனால் அந்தச் சந்தை யாருடையது? எங்கள் அப்பாவின் பின்னறையும் அதில் ஒரு மூலைதானே!

முசலி மக்களின் கதையை அறிந்த வாசகருக்கு இது புதிதாக இராது. 1990 ஒக்டோபரில் புலிகளால் விரட்டப்பட்ட வடக்கு முஸ்லிம்களின் காணிகளில் காடு வளர்ந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் 2012இல் வர்த்தமானி மூலம் அது ஒதுக்குக் காடாயிற்று. அதற்காக நாம் எழுதினோம், ஊர்வலம் போனோம். தம்பானைக்காக ஒரு கவிதைகூட எழுதவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம், நூறாண்டுக்கும் மேலாக வைத்திருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை வன்னில எத்தோவிடம் கையளித்தது. மறுவருடம், பொல்லேபெத்தைப் பக்கத்துக் காடு சோளச்செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து அவர் சூழலியலாளர்களுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். காட்டுக்குள் வராதே என்று தடுக்கப்பட்ட மனிதர், காட்டை வெட்டாதே என்று அரசிடம் கேட்டு நின்றார்.

அந்தத் தேன் வியாபாரி எண்பதுகளின் நடுவில் வராமல் நின்றுவிட்டார். கலவர காலம், பாதை சரியில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டார். கடைசிப் போத்தலை மருந்துக்கென்று எடுத்துவைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகும் அது பின்னறை இறாக்கையில் இருந்தது.