பாடு முறை (பழவேற்காடு)

பாடு முறை என்பது பழவேற்காடு ஏரியின் மீன்பிடி இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபுவழி ஏற்பாடு ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இது நிலவி வந்துள்ளது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991 ஆம் ஆண்டில் இதனைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது.

உறுப்புரிமை

இவ்வூர்களின் பட்டினவர் சமூக ஆண்களே பாட்டில் உறுப்பினராகலாம். மீன்பிடித் திறன் மட்டும் தகுதி ஆகாது. பிறப்பும் ஊருமே முதன்மையானவை. சேர்த்துக்கொள்ளப்படும் இளைஞர், இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் தம் முறை வரும் நாளில் வலையிடும் உரிமையைப் பெறுகிறார். இடங்கள் சீட்டுக் குலுக்கல் மூலம் ஒதுக்கப்படுகின்றன. பெண்களுக்கு இவ்வுரிமை இல்லை.

விளைவுகள்

நல்ல இடங்கள் சுழற்சியாக அனைவருக்கும் கிடைப்பதால் உறுப்பினரிடையே பூசல் குறைகிறது. ஆயினும் அதே ஏரியை நம்பி வாழும் பிற சமூக மீனவர்கள் இவ்விடங்களில் உரிமை கோரியதால் மோதல்கள் ஏற்பட்டுள்ளன.