சேலத்து முதலாளி - டி.ஆர். சுந்தரமும் மாடர்ன் தியேட்டர்ஸும்

தமிழ் சினிமா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கோடம்பாக்கம். ஆனால் கோடம்பாக்கத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடலும் இல்லாத, பெரிய நாடகக் கொட்டகைகளுக்கும் பெயர் போகாத ஓர் ஊரில் ஒரு மனிதர் ஸ்டூடியோ கட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அங்கிருந்தே எடுத்து வெளியிட்டார். அந்த ஊர் சேலம். அந்த மனிதர் டி.ஆர். சுந்தரம். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அவர் வெறும் 'முதலாளி'.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் இன்றும் ஒரு நுழைவாயில் வளைவு நிற்கிறது. 'தி மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட்' என்பதுதான் அந்த வாசலுக்குரிய பெயர். அதன் பின்னால் இப்போது ஸ்டூடியோ இல்லை, வீடுகள்தான் இருக்கின்றன. இருந்தாலும் சேலத்துக்காரர்களுக்கு அந்த இடம் மாடர்ன் தியேட்டர்ஸ்தான்.

நூல் வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு

டி.ஆர். என்பதில் 'டி' திருச்செங்கோடு, 'ஆர்' தந்தை ராமலிங்கம். சுந்தரம் பிறந்தது 1907-ல். குடும்பத் தொழில் நூல் வியாபாரம். அந்தத் தொழிலை நவீன முறையில் நடத்த வேண்டும் என்பதற்காகவே அவர் இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார்.

அவர் திரும்பிய நேரம் தமிழ் சினிமா பேச ஆரம்பித்திருந்த நேரம். முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்டது பம்பாயில். அடுத்து வந்த படங்களில் பெரும்பாலானவை பம்பாய், கல்கத்தா, பூனா என்று வடக்கேதான் எடுக்கப்பட்டன. சென்னையில் பேசும் படத்துக்கான ஸ்டூடியோவே 1934-ல்தான் வந்தது.

சுந்தரமும் முதலில் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து கல்கத்தாவில் படமெடுக்கும் வேலையில்தான் இறங்கினார். அப்போது ஒரு படம் எடுப்பதென்றால் நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர் வரை எல்லோரையும் ரயிலேற்றி அழைத்துப் போக வேண்டும். அங்கே தங்க இடம், சாப்பாடு, அதற்கு மேல் ஸ்டூடியோ வாடகை. கதாநாயகிக்குக் காய்ச்சல் என்றாலும் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். படம் எடுப்பவர் கையில் பணம் இருந்தாலும் நேரம் அவர் கையில் இல்லை.

இதைப் பார்த்த ஒரு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன தோன்றுமோ அதுதான் சுந்தரத்துக்கும் தோன்றியது. 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனத்தைத் தொடங்கினார். 'லிமிடெட்' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு படம் எடுத்து, லாபமோ நஷ்டமோ பார்த்துவிட்டுக் கலைந்து போகிற கூட்டு அல்ல அது. நிலம், கட்டடம், கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, படச்சுருள் கழுவும் லேப், ஊழியர்கள் என எல்லாம் சொந்தமாகக் கொண்ட கம்பெனி. ஜெர்மனியிலிருந்து ஒளிப்பதிவாளர்களையும் வரவழைத்தார். 1937-ல் முதல் படம் 'சதி அகல்யா' வெளிவந்தது.

ஸ்டூடியோவா, தொழிற்சாலையா?

சொந்தமாக ஸ்டூடியோ வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாடகை ஸ்டூடியோ என்றால் படம் இல்லாத மாதம் செலவும் இல்லை. சொந்த ஸ்டூடியோ என்றால் கேமரா சும்மா இருந்தாலும் செலவு. ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம் தயாராக இருக்க வேண்டும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் நடந்த விதம் முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். கதைக்கென்று தனியாக ஒரு கதை இலாகா. எழுத்தாளர்கள், பாடலாசிரியர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், துணை நடிகர்கள் எல்லோருக்கும் மாதச் சம்பளம். குறித்த நேரத்துக்கு செட்டில் இருக்க வேண்டும், குறித்த நாளில் படம் முடிய வேண்டும். பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றிப் பேசாமல் அங்கே வேலை செய்தவர்களின் நினைவுக் குறிப்புகள் முடிவதில்லை. நட்சத்திரங்கள் சேலத்துக்கு வந்து தங்கி நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் சிறியது என்பதே அவருக்கு வசதியாகப் போயிற்று. அழைத்து வந்த நடிகர் மாலையில் வேறு கம்பெனி படப்பிடிப்புக்கு ஓட முடியாதல்லவா!

இப்படி எடுத்த எல்லாப் படங்களும் சிறந்த படங்கள் என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுப் படங்களிலிருந்தும் இந்திப் படங்களிலிருந்தும் கதைகளைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு படம் ஓடினால் அதே மாதிரி இன்னொன்று. ஆனால் இந்த ஓயாத ஓட்டம்தான் புதியதை முயன்று பார்க்கும் துணிச்சலையும் அவருக்குக் கொடுத்தது. ஒரு படம் தோற்றாலும் அடுத்த படம் செட்டில் இருக்கிறது.

சேலத்திலிருந்து கிளம்பிய முதல்கள்

1938-ல் வெளிவந்த 'பாலன்' மலையாளத்தின் முதல் பேசும் படம். எஸ். நொட்டாணி இயக்கிய அதைத் தயாரித்தவர் டி.ஆர். சுந்தரம். கேரளத்தின் பேசும் பட வரலாறு சேலத்தில்தான் தொடங்குகிறது.

1940-ல் 'உத்தம புத்திரன்'. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். தமிழ் சினிமாவில் இன்றுவரை சலிக்காத இரட்டை வேடத்துக்கு இதுதான் தொடக்கம். 1942-ல் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தை வைத்து 'மனோன்மணி'.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பிலிம் தட்டுப்பாடு வந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. போருக்கு ஆதரவான படங்களையும் எடுக்கச் சொன்னார்கள். சுந்தரம் 1945-ல் 'பர்மா ராணி' எடுத்தார். அவரே இயக்கி, அதில் ஜப்பானிய ராணுவ அதிகாரியாகவும் நடித்தார்!

1952-ல் அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம். வில்லியம் பெர்க் இயக்கிய அந்தப் படத்தில் ராட் கேமரூன், சீசர் ரொமெரோ போன்ற ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள். 1956 பொங்கலுக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த இதுதான் தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு'. இது மலையாளத்தின் முதல் வண்ணப் படம், இயக்கியவரும் சுந்தரமே. ஒரு மொழியின் முதல் பேசும் படமும் முதல் வண்ணப் படமும் இன்னொரு மொழிக்காரர் ஒருவரின் கையிலிருந்து வந்தது வியப்பான செய்திதான்.

புதுச்சேரிக் கவிஞரும் சேலத்து முதலாளியும்

புதுச்சேரி வாசகர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனிப் பங்கு உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல் வழியே உள்ளே போன எழுத்தாளர்களில் பாவேந்தர் பாரதிதாசனும் ஒருவர். அவருடைய 'எதிர்பாராத முத்தம்' என்ற காவியத்தைத்தான் 1950-ல் 'பொன்முடி' என்று படமாக்கினார்கள். வசனமும் பாரதிதாசனே எழுதினார். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். புதுச்சேரிக் கவிஞரின் காதல் காவியத்தை ஓர் அமெரிக்கர் சேலத்தில் படமாக்கினார் என்றால், அதற்கு இடம் கொடுத்த ஸ்டூடியோ எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! 1952-ல் வந்த 'வளையாபதி' படத்துக்கும் பாரதிதாசன் வசனம் எழுதினார்.

அதே 1950-ல் 'மந்திரி குமாரி'. மு. கருணாநிதியின் நாடகம் படமானது. எம்.ஜி.ஆர். கதாநாயகன். டங்கன் பாதியில் அமெரிக்கா திரும்பிவிட, மீதியைச் சுந்தரம் முடித்தார். பிற்காலத்தில் தமிழக முதல்வர்களான இருவரும் அந்த வாசல் வழியேதான் வேலைக்குப் போய் வந்தார்கள். கண்ணதாசனும் அங்கே மாதச் சம்பளத்துக்கு இருந்தவர். நகைச்சுவை நடிகையாகவே எல்லோரும் நினைத்த மனோரமாவை 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி ஆக்கியதும் மாடர்ன் தியேட்டர்ஸ்தான்.

முதலாளி இல்லாத ஸ்டூடியோ

1963 ஆகஸ்ட் 30-ல் டி.ஆர். சுந்தரம் காலமானார். வயது 56 தான். மகன் ராமசுந்தரம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்கள் நன்றாகவே ஓடின. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. எல்லாத் தொழிலும் சென்னையில் குவிந்தது. நட்சத்திரங்களின் சம்பளம் ஏறியது, அவர்களுடைய தேதிக்கு ஸ்டூடியோ காத்திருக்க வேண்டிய நிலை வந்தது. பிறகு கேமராவே ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்குக் கிளம்பிவிட்டது. சுந்தரத்துக்கு லாபமாக இருந்த சொந்த ஸ்டூடியோ, அடுத்த தலைமுறைக்குச் சுமையானது. ஒரு காலத்தில் சேலத்தின் பலமாக இருந்த தூரமே இப்போது பலவீனமானது. கடைசியில் ஸ்டூடியோ மூடப்பட்டது.

ஊர் செய்யும் மரியாதை

2023-ல் சேலம் வந்த முதல்வர் மு.க. ஸ்டாலின் அந்த வளைவின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். அதன் பிறகு, 2024 தொடக்கத்தில், வளைவு நிற்கும் இடம் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு கிளம்பி செய்தித்தாள்களில் அடிபட்டது. வளைவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சேலத்து மக்கள் கவலைப்பட்டார்கள். ஸ்டூடியோ மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு வாசலுக்காக ஓர் ஊர் பதறுகிறது என்றால், அது சாதாரண மரியாதை இல்லை.

ஆனால் அது போதுமா? மலையாளத்தின் முதல் மௌனப் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் பெயரில் 1992 முதல் கேரள அரசு விருது கொடுக்கிறது. அவரும் தமிழ் மண்ணான அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர்தான். புதுச்சேரி அரசு தேர்ந்தெடுக்கும் தமிழ்ப் படத்துக்கு சங்கரதாஸ் சுவாமிகள் விருது என்று பெயர். சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, 1922-ல் புதுச்சேரியில் மறைந்தவர். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அவருடைய கையெழுத்தைப் பார்க்கலாம், நூல்களைப் படிக்கலாம். அவர் என்ன செய்தார் என்பது தெரிந்துவிடும்.

ஒரு வாசலைப் பார்த்தால் உள்ளே என்ன நடந்தது என்பது தெரியாது. 'பாலன்' படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. ஒரு மொழியின் முதல் பேசும் படமே காணாமல் போயிருக்கிறது. கவிஞருக்குப் புத்தகம் இருக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். படமெடுத்தவருக்குப் படச்சுருள்தான் புத்தகம். அது அழிந்தால் அழிந்ததுதான்.

வளைவு நிற்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அதோடு, மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களைத் தேடிப் பாதுகாத்து, வருடத்துக்கு ஒரு முறையாவது சேலத்திலேயே திரையிட்டால் முதலாளிக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது. கணக்குப் பார்த்து வேலை செய்தவர் அவர். குறித்த நேரத்துக்குப் படம் ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்!