மெய்க்கீர்த்தியும் டாங்கியும்: ஹைப்ரிட் காரின் வம்சாவளி குறித்து

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் காரில் என்னய்யா வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நியாயந்தான். என்னிடம் இருப்பது ஒரு பழைய சைக்கிள். ஆனால் மெய்க்கீர்த்தி வாசித்துப் பழகியவன் என்கிற தகுதி இந்த விஷயத்துக்குப் போதும் என நினைக்கிறேன். அரசன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் கல்வெட்டு, தோற்ற போரைப் பற்றி வாய் திறக்காது. சொன்ன வரிசையை வைத்தே சொல்லாமல் விட்டதைத் தேட வேண்டியிருக்கிறது. கான்செப்ட் காரும் அப்படியொரு பிரதிதான்.

கான்செப்ட் கார் காட்டுவதற்காகச் செய்யப்படுவது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹார்லி ஏர்ல் 1938இல் செய்த 'ப்யூக் ஒய்-ஜாப்' தொடங்கி இதுதான் அதன் வேலை: நாளைக்கு உலகம் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்காலத்தைத் தன் பெயரில் பட்டா போட்டுக்கொள்வது. பட்டாவுக்கு மூலப்பத்திரம் வேண்டுமல்லவா? அதனால் ஒரு கடந்தகாலமும் தேவைப்படுகிறது.

2010 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் '918 ஸ்பைடர்' என்ற கான்செப்ட் காரை வைத்தது. 500க்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின், கூடவே மின்மோட்டார்கள். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல் போதும் என்றார்கள். வேகமும் வேணும், பாவமும் ஒட்டக்கூடாது. அடுத்த வருஷம், 2011இல், அதே கண்காட்சியில் 1900ஆம் வருஷத்து வண்டி ஒன்றின் மறுஆக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயர் 'செம்பர் வீவஸ்'. லத்தீனில் 'என்றும் உயிரோடிருப்பது' என்று பொருள்.

மூல வண்டியைச் செய்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. வியன்னாவில் லோனர் வண்டிக் கம்பெனியில் வேலை பார்த்த, அப்போது 25 வயதை எட்டிய இளைஞர். வெறும் பேட்டரியில் ஓடும் வண்டி கனமாக இருந்தது, தூரமும் போகவில்லை. ஆகவே இரண்டு சிறிய பெட்ரோல் எஞ்சின்களை வைத்து, அவற்றால் ஜெனரேட்டரைச் சுற்றி, அந்த மின்சாரத்தை முன்சக்கரங்களின் குடத்திலேயே பொருத்திய மோட்டார்களுக்கு அனுப்பினார். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே கியர் கிடையாது, சங்கிலி கிடையாது. கம்பி மட்டுந்தான். அசலான யோசனை, சந்தேகமில்லை.

ஆனால் 1900இலிருந்து 2010க்கு ஒரே தாவலாகத் தாவும் இந்த வம்சாவளியில் நடுவே என்ன ஆச்சு? அந்த யோசனை போர்ஷேயின் கையில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அது யுத்தத்துக்குப் போயிருந்தது.

முதல் உலகப்போரில், போர்ஷே வடிவமைத்த ஆஸ்ட்ரோ-டைம்லர் இழுவை வண்டிகள் இதே முறையில் மின்சாரம் உண்டாக்கி, பின்னால் கோத்த வண்டிகளின் சக்கர மோட்டார்களுக்குக் கொடுத்து, ஸ்கோடா பீரங்கிகளை இழுத்துச் சென்றன. இரண்டாம் உலகப்போரில் அவர் ஹிட்லருக்காக வடிவமைத்த டாங்கியிலும் இரண்டு பெட்ரோல் எஞ்சின், ஜெனரேட்டர், மின்மோட்டார். 1942இல் அது ஹென்ஷல் நிறுவனத்தின் டாங்கியிடம் தோற்றது. அடிக்கடி பழுதானது, அரிதாகிவிட்ட செம்பை ஏராளமாக விழுங்கியது. வீணாகிப்போன உடல்களில் சுமார் 90ஐ, டாங்கிகளை அழிக்கும் 65 டன் வாகனமாக மாற்றி, 1943 ஜூலையில் கூர்ஸ்க் போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஃபெர்டினாண்ட்'. வடிவமைத்தவரின் பெயரேதான்.

போர்ஷே 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவர் தலைமைப் பொறுப்பில் இருந்த ஃபோக்ஸ்வாகன் ஆலையில் போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்கள் வதைபட்டதை, அந்நிறுவனமே பணித்து எழுதவைத்த ஹான்ஸ் மாம்சென், மன்ஃப்ரெட் க்ரீகர் ஆகியோரின் ஆய்வு 1996இல் பதிவு செய்தது.

தொழில்நுட்பத்துக்கு ஜாதகம் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஹைப்ரிட் எஞ்சின் நாஜி என்று நான் சொல்லவில்லை, அது அபத்தம். நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தருவது மின்மோட்டாரின் இயல்பு. 65 டன் இரும்பை நகர்த்தவும் அது உதவும், மூன்று விநாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டவும் உதவும். இயல்பு ஒன்றுதான். மூதாதையர்களில் யாருக்குப் படம் மாட்டுவது, யாரைப் பரணில் போடுவது என்கிற தேர்வுதான் அரசியல்.

எண்களிலும் இதே மௌனம்தான். 918 ஸ்பைடர் 2013இல் உற்பத்திக்கு வந்தபோதும் கணக்கு அதே 3 லிட்டரை ஒட்டித்தான் இருந்தது. பேட்டரி நிறைந்தபோது ஒருமுறை, காலியானபோது ஒருமுறை ஓட்டி, இடையில் மின்னேற்றம் நடக்கும் என்று வைத்துக்கொண்டு சராசரி போடும் அன்றைய ஐரோப்பியச் சோதனைமுறை தந்த எண் அது. பந்தயத் தடத்தில் விரட்டும்போது அந்த எண் செல்லாது. 8 லட்சம் டாலருக்கு மேல் விலை கொடுத்து வாங்கியவர் எதற்காக வாங்கினார் என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

2015 வரை செய்யப்பட்டவை 918 கார்கள். 1943இல் செய்யப்பட்டவை சுமார் 90 ஃபெர்டினாண்டுகள். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்பு.