பேய்ப்பட நடிகரும் ஒரு சமுதாயக் கல்லூரியும்

மைக்கல் ஜாக்சனின் 'திரில்லர்' பாட்டு முடியிற நேரத்தில ஒரு கிழட்டுக் குரல் வந்து கதைத்துவிட்டுப் பயங்கரமாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரர் வின்சென்ட் பிரைஸ். 1911இல் பிறந்த ஹொலிவூட் நடிகர். 'ஹவுஸ் ஒஃப் வக்ஸ்' (1953), 'த ஃப்ளை' (1958) என்று பேய்ப்படம், பயப்படம் என்றாலே கூப்பிடப்பட்ட ஆள். அவருடைய பெயரில் கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லை, கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரியின் வளாகத்துக்குள்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கட நாட்டில இசட் ஸ்கோர் வந்தவுடனே ஒரு கதவு திறக்கும், மற்றதெல்லாம் மூடும். அமெரிக்காவில் இந்த இரண்டு வருடக் கல்லூரிகளுக்கு அப்படி ஒரு வடிகட்டல் இல்லை. வேலைக்குப் போகிறவர், பிள்ளை பெற்றவர், பள்ளிக்கூடத்தில் சரியாகப் படிக்காதவர் என்று யாரும் போய்ச் சேரலாம். இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், மாறாமலும் விடலாம். கலிபோர்னியாவில் 1984 வரைக்கும் இவற்றில் படிப்புக் கட்டணமே இல்லை. அந்த வருடந்தான் ஒரு பாட அலகுக்கு 5 டொலர் என்று வாங்கத் தொடங்கினார்கள்.

கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரி 1945இல், யுத்தம் முடிந்த கையோடு, கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியின் வளவுக்குள் தொடங்கியது. சொந்த இடத்துக்குப் போனது 1948இல். சுற்றிவர இருந்தவை மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள், யூதக் குடும்பங்கள், யுத்தகால முகாம்களில் அடைக்கப்பட்டுத் திரும்பி வந்த ஜப்பானியக் குடும்பங்கள். மெக்சிக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் கைத்தொழில் வகுப்புக்கே தள்ளிவிடுவது அப்போது சாதாரணம். 1968 மார்ச்சில் அதே கார்ஃபீல்ட் உட்பட கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளின் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறித் தெருவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓவியம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கான படிப்பு என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

இந்த இடத்துக்கு ஆரம்ப வருடங்களிலேயே உரையாற்ற வந்தார் பிரைஸ். ஆள் நடிகர் மட்டுமில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்து, லண்டன் கோர்ட்டோல்ட் நிறுவனத்திலும் மேற்கொண்டு படித்தவர். 12 வயதில் 37.50 டொலருக்கு ஒரு றெம்பிரான்ட் செதுக்கோவியப் பிரதியைத் தவணையில் வாங்கினதாகத் தானே சொல்லியிருக்கிறார். (12 வயதில் நாங்கள் தவணையில் வாங்கினது ரீலோட் மட்டும்தான்.) அந்தக் கல்லூரியில் அவர் பார்த்தது, படம் கீறப் படிக்கிற, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அசல் ஓவியம்கூட இல்லாத மாணவர்களை.

அது எவ்வளவு பெரிய விசயம் என்று எங்களுக்குத் தெரியும். எங்களில் உயர்தரத்துக்குச் சித்திரம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மொனலிசாவைக் கறுப்பு வெள்ளை ஃபொட்டோகொப்பியில் படித்து, அதின்ர நிற ஒழுங்கைப் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதினவர்கள். பாடப்புத்தகத்தில் ஒரு ஓவியம் தீப்பெட்டி அளவில் இருக்கும். அது உண்மையில் சுவர் அளவா, உள்ளங்கை அளவா என்று தெரியாது. தூரிகை எந்தப் பக்கம் இழுபட்டது, மை எங்கே தடித்தது என்பதெல்லாம் அசலுக்கு முன்னால் நின்றால்தான் தெரியும். அப்படி நின்றவர்கள் எங்களில் இரண்டு பேர்தான், அதுவும் கொழும்புக்கு வேறு அலுவலாகப் போன இடத்தில்.

1957இல் பிரைஸும் மனைவி மேரி கிராண்ட் பிரைஸும் தங்கள் சேகரிப்பிலிருந்து 90 கலைப்படைப்புகளை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரிக்குச் சொந்தமான முதலாவது கற்பித்தல் சேகரிப்பு அது. கற்பித்தல் சேகரிப்பு என்பதுதான் முக்கியம். பணக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்கில்லை, வகுப்பு நடத்துவதற்கு. பிரைஸ் அதோடு விடவுமில்லை. 1993இல் இறக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே அது 2000 அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1962இலிருந்து சியர்ஸ் கடைகளில், ஃபிரிட்ஜும் சலவை மெசினும் விற்கிற இடத்தில், அசல் ஓவியங்களைத் தெரிவுசெய்து விற்கவும் இதே ஆள்தான் போனார். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எங்களுக்கென்னவோ அது பிடித்திருக்கிறது.

கொடுத்தவற்றில் ஐரோப்பியப் படைப்புகளோடு, கொலம்பஸ் வருவதற்கு முந்திய மெக்சிக்கோ, பெரு நாட்டு மண்பாண்டங்களும் சிலைகளும் இருந்தன. மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டன் பூட்டன் செய்த மண்பாண்டத்தைக் கலை என்ற பெயரோடு தன் கல்லூரியிலேயே பார்ப்பது சின்ன விசயமில்லை. இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் இது ஒரு நல்ல வள்ளல் கதை. ஆனால் அதே வளாகத்தில் பிறகு இன்னொன்று நடந்தது.

றொபேர்ட்டோ சாவெஸ் என்ற ஓவியர் அங்கே சிக்கானோ கற்கைகள் துறையில் ஆசிரியர். அவரும் ஒரு சமுதாயக் கல்லூரியில், லொஸ் ஏஞ்சல்ஸ் சிற்றி கொலிஜில், தொடங்கி யுசிஎல்ஏவுக்குப் போனவர்தான். 1974-75இல் கல்லூரி மண்டபத்தின் வெளிச்சுவரில் கிட்டத்தட்ட 200 அடி நீளத்துக்கு ஒரு சுவரோவியம் வரைந்தார். பெயர் 'அறிவுக்கான பாதையும் பொய்ப் பல்கலைக்கழகமும்'. ஒரு கல்லூரியின் சுவரிலேயே இப்படி ஒரு பெயர்! 1979இல் கல்லூரி நிர்வாகம் அதை வெள்ளையடித்து மூடியது.

செத்துப்போன மெக்சிக்கர்களின் மண்பாண்டம் பத்திரமாக இருந்தது, உயிரோடு இருந்த மெக்சிக்க-அமெரிக்கரின் சுவர் மறைந்துபோனது. லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இது புதிதில்லை. 1932இல் சிக்கேரோஸ் வரைந்த 'அமெரிக்கா ட்ரொப்பிக்கல்' சுவரோவியத்தையும் சில வருடங்களுக்குள் வெள்ளையடித்துவிட்டார்கள். 1972இல் நகரத்தின் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போய், சிக்கானோக்களின் படைப்புகள் ஏன் இங்கே இல்லை என்று ஹரி கம்போவா கேட்டபோது, அவர்கள் நுண்கலை செய்கிறவர்கள் இல்லை என்ற மாதிரி ஒரு பதில் கிடைத்ததாம். அன்று இரவே அவரும் 'அஸ்கோ' குழு நண்பர்களும் அந்தக் கட்டடத்தின் வாசலில் தங்கள் பெயர்களை ஸ்ப்ரே பெயின்ற்றால் எழுதிவிட்டு வந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கிரொங்க் கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரியில் படித்தவர்.

சாவெஸின் சுவர் திரும்பி வரவில்லை. ஆனால் 2014இல், அதே கல்லூரியின் வின்சென்ட் பிரைஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளுக்குக் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பிலேயே 'பொய்ப் பல்கலைக்கழகம்' என்ற சொல்லைப் போட்டார்கள். வெள்ளையடித்து 35 வருடம். ஒழுங்கு செய்தவர் அங்கேயே படிப்பித்த சிபில் வெனேகாஸ். இது மன்னிப்பா என்று எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. இல்லை என்பது எங்களில் பெரும்பாலானோரின் முடிவு. மன்னிப்பென்றால் வெள்ளையடித்தவர்கள் கேட்டிருக்க வேண்டும். இது ஓர் ஆசிரியர் தன் சக ஆசிரியரை மறக்கவிடாமல் செய்த வேலை.

வெனேகாஸின் வகுப்பில் 80களில் ஒரு மாணவி இருந்தார். லோரா அகிலார், 1959இல் பிறந்தவர். டிஸ்லெக்ஸியா இருந்தபடியால் எழுத்தும் வாசிப்பும் பெரும் பாடு. அண்ணனிடம் கமரா பிடிக்கப் பழகி, இந்தக் கல்லூரியில் புகைப்படப் பாடங்கள் எடுத்தவர். பெரிய கலைப் பட்டம் எதுவும் இல்லை. தன்னுடைய பருத்த உடலை, தன்னைப்போல ஒருபால் உறவில் வாழ்ந்த உழைக்கும் வர்க்கப் பெண்களை, ஒளிவுமறைவில்லாமல் படம் எடுத்தார். 1993இல் எடுத்த ஒரு படத்தில் 'கலரி' என்று எழுதிய பலகைக்குக் கீழே அவரே நிற்கிறார். கையில் ஒரு காட்போட் மட்டை. வேலை தேடித் தெருவோரம் நிற்கிற ஆக்கள் பிடிக்கிற மாதிரி. உள்ளே போக வழி கிடைத்தால் வேலை செய்யத் தயார் என்று அதில் எழுதியிருக்கிறது, எழுத்துப்பிழையோடு.

அந்தப் படத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்திருக்கிறோம். அந்த எழுத்துப்பிழையை அவர் திருத்தாமல் விட்டதுதான் எங்களை விடவில்லை.

அவருடைய முதலாவது முழுமையான மீள்பார்வைக் கண்காட்சி 2017 செப்ரெம்பரில் தொடங்கியது. இடம், அவர் படித்த கல்லூரியின் அருங்காட்சியகம். உள்ளே போக ரிக்கற் இல்லை. 2018 பெப்ரவரியில் முடிந்தது. ஏப்ரலில் லோரா இறந்துபோனார், 58 வயது. படங்கள் பிறகு மயாமிக்கும் சிக்காகோவுக்கும் போய், 2021இல் நியூயோர்க் வரைக்கும் போயின.