கலிப்பரின் பளபளப்பும் பிள்ளைகளின் நெஞ்சும்



எங்களிடம் சாதாரண தரம் வரை வரலாறு படித்துவிட்டு, இப்போது பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் வேலை பழகும் பிள்ளை ஒருவர் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது எங்களை நிறுத்தினார். "சேர், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கு. சிவப்புக் கலிப்பர். ஓனருக்குப் பளபளப்பா வேணுமாம். பாஸ் பெற்றோல் போட்டுத் தேய்ச்சு ஏர் அடிக்கச் சொல்றார். அது சரியா சேர்?"

நாம் மெக்கானிக் இல்லை. ஆனால் பதில் தேடப் போனபோது அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருந்தது. கொட்டாஞ்சேனை, ஆமர் வீதி, மருதானைப் பக்கம் பிள்ளைகளைக் கராஜ் வேலைக்கு விட்டிருக்கும் வாப்பா, உம்மாமாருக்காக அதை எழுதுகிறோம்.

சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் கலிப்பர். கவ்வும்போது பேட்டும் தட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. அந்தத் தேய்மானம்தான் கலிப்பரில் படியும் கறுப்புத் தூள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதைப் போட்டுக் கழுவுவது என்று முடிவெடுக்க முடியாது.

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உரசியதால் அது பெரும் சத்தம் போட்டது. அதே நாட்டில் ஹேர்பர்ட் ஃப்ரூட் என்பவர் குதிரை வண்டிக்காரர்கள் மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் கட்டையில் பழைய சப்பாத்துத் தோலை வைப்பதைக் கவனித்து, நல்ல உராய்வுப் பொருள் ஒன்றைத் தேட ஆரம்பித்தார். 1897இல் அவர் தொடங்கிய தொழில்தான் ஃபெரோடோ. தேடல் கடைசியில் அஸ்பெஸ்டோசில் போய் நின்றது. சூட்டில் எரியாது, மலிவு, நன்றாகப் பிடிக்கும். அதன் பிறகு பல தசாப்தங்களுக்கு உலகத்து வாகனங்களின் பிரேக்கில் அஸ்பெஸ்டோஸ்தான்.

1924இல் ரோச்டேல் நகரில் நெல்லி கேர்ஷோ என்ற பெண் 33 வயதில் இறந்தார். அஸ்பெஸ்டோஸ் நூல் நூற்கும் ஆலைத் தொழிலாளி. அவருடைய நுரையீரலில் அந்த நார் இருந்ததை மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். 1931இல் பிரித்தானியா ஆலைகளுக்குத் தூசி விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகள் ஆலையைப் பார்த்தன. பிரேக்கைக் கழற்றி ஊதிய கராஜ் பையனைப் பார்க்கவில்லை.

1953இல் ஜகுவார் கார் ஒன்று டன்லொப் டிஸ்க் பிரேக்கோடு லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அதன் பிறகு டிஸ்க் பிரேக் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும், பிறகு எல்லாக் கார்களுக்கும் வந்தது. பழைய ட்ரம் பிரேக் மூடிய டப்பா. தூசி உள்ளேயே கிடக்கும். டிஸ்க் திறந்தது; தூசி சில்லிலும் கலிப்பரிலும் படிந்து கண்ணுக்குத் தெரியும். கலிப்பரைப் பளபளப்பாக்கும் ஆசைக்கு வழி திறந்தது அங்கேதான். பிறகு கலிப்பருக்கே சிவப்பும் மஞ்சளும் பூசினார்கள்.

தூசியை விரட்ட மிகச் சுலபமான வழி ஏர் அடிப்பது. ஒரு நிமிட வேலை. ஆனால் கீழே கிடந்த தூசி மூக்கு மட்டத்துக்கு வந்துவிடும். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 1986இலேயே மெக்கானிக்குகளுக்குக் கையேடு போட்டு, பிரேக்கை ஏர் அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள் என்று சொன்னது. அங்கே 1994 தொழிற்பாதுகாப்பு விதிகளும் ஈரமாக்கிக் கழுவு, அல்லது நுண்வடிகட்டியுள்ள கருவியால் உறிஞ்சு என்றுதான் சொல்கின்றன.

அடுத்து வந்தது ஸ்ப்ரே டின். குளோரின் கலந்த கரைப்பான்கள் தீப்பிடிக்காது, உடனே காயும் என்று விற்றார்கள். அவற்றில் ஒன்றான பெர்குளோரோஎத்திலீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. அது காயாமல் இருக்கும் இடத்தில் வெல்டிங் வைத்தால் பொஸ்ஜீன் வாயு உண்டாகலாம். முதலாம் உலக யுத்தத்தில் ஆட்களைக் கொல்லப் பாவித்த அதே வாயு.

அதை விட்டு ஹெக்சேன் கலந்த டின்னுக்கு மாறினார்கள். 2001இல் கலிபோர்னியாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ஒவ்வொரு நாளும் பிரேக் கிளீனர் அடித்துவந்த 24 வயது மெக்கானிக் ஒருவருக்குக் கையும் காலும் மரத்துப்போயிருந்தன. ஹெக்சேன் உடலுக்குள் போய் நரம்பைத் தின்னும் பொருளாக மாறுகிறது. ஒரு ஆபத்திலிருந்து தப்ப ஓடி இன்னொன்றில் விழுந்த கதை. இரண்டு முறையும் விழுந்தவர் டின்னைக் கையில் பிடித்தவர்.

இனி எங்கள் ஊர். இலங்கை 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்தது என்று சொல்லி, அஸ்பெஸ்டோஸ் விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. கொஞ்ச நாளில் எங்கள் தீர்மானம் பின்வாங்கப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களைப் பழைய பாகங்களோடு திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டித்தான் ஓட்டினோம். ஆகவே பழைய பிரேக்கின் தூசிக்குள் அஸ்பெஸ்டோஸ் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்று நினைத்தே கழுவ வேண்டும்.

பிள்ளைக்கு நாம் சொன்னது இதுதான்:

சில்லும் தட்டும் நன்றாக ஆறட்டும். முதலில் மெதுவாகத் தண்ணீர் விட்டுத் தூசியை நனை. வாளியில் கார் ஷாம்பூ, மெல்லிய பிரஷ். ஏர் அடிக்காதே, ஈரத் துணியால் துடை, துணியைப் பையில் கட்டிப் போடு.

அப்படியும் போகாத கபில நிறக் கறைக்கு, நடுநிலை என்று லேபிளில் போட்டிருக்கும் இரும்புத்தூள் நீக்கி. அடித்தால் ஊதா நிறமாகும், நாறும். கையுறை போடு, திறந்த வெளியில் நில், காய முன் கழுவு.

ஹைட்ரோஃபுளோரிக் அல்லது பைஃபுளோரைட் என்று எழுதியிருக்கும் சில்லுக் கிளீனரைத் தொடாதே. அந்த அமிலம் அலுமினியத்தைக் கெடுக்கும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும்.

பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். தீ ஒரு பக்கம். கலிப்பருக்குள் இருக்கும் இறப்பர் சீல் அவற்றில் ஊறி வீங்கும்; பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே திறந்து கழுவுவதென்றால் அந்த வாகனத்துக்குரிய பிரேக் ஒயில் அல்லது ஐசோபுரோப்பைல் அல்கஹோல். பிரேக் ஒயில் பெயின்டில் படக்கூடாது.

முடிந்ததும் காரை மெதுவாக நகர்த்தி இரண்டு மூன்று தடவை பிரேக் மிதி. ஈரமான பிரேக் உடனே பிடிக்காது. வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து தம்பி தங்கையைத் தூக்காதே.

"அப்ப கூடுதலா தண்ணியும் சோப்பும்தானா சேர்?" என்று சிரித்தார். ஆம் மகன், அவ்வளவுதான். அந்த நூறு வருடமும் தண்ணீர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது கொஞ்சம் மெதுவான வேலை, அவ்வளவே.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை பழகும் பிள்ளை உங்களுக்கு அமானிதம். ஒரு வாளியும், ஒரு சோடிக் கையுறையும், பத்து நிமிடம் கூடுதல் நேரமும் அவருக்குக் கொடுங்கள். ஓனர் காத்திருப்பார்.

அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளின் மூச்சையும் கைகால்களையும் பாதுகாப்பானாக.