தோரமல்லிக் கல்லும் பூனையின் சிறுநீரகமும்

நிவித்திகல பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பூனை செத்துப்போனால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்லுவோம்: "என்னத்தையோ தின்னுருச்சு." சாப்பிடாமல் மூலையில் படுத்துக் கிடந்திருக்கும், தண்ணியை மட்டும் திரும்பத் திரும்பக் குடித்திருக்கும், முதுகெலும்பு தெரிய மெலிந்திருக்கும். ஆனாலும் காரணம் அதேதான். உள்ளே என்ன கெட்டுப்போனது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது.

பார்க்க ஒரு மெஷின் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். எங்கள் ஊர்களில் ஸ்கேன் என்றாலே அது கர்ப்பிணிப் பெண்களோடு சேர்ந்த சொல். பூனைக்கு ஸ்கேனா என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. இந்த மெஷின் யாருடைய உடம்பை முதலில் பார்த்தது, யாருடையதைக் கடைசியில் பார்த்தது என்ற வரலாறு. அதன் முதல் அத்தியாயம் லண்டனிலோ நியூயோர்க்கிலோ தொடங்கவில்லை. இலங்கை மண்ணில் கிடைத்த ஒரு கல்லில் தொடங்குகிறது.

சாம்பல் இழுக்கிற கல்

சப்ரகமுவ மாணிக்கக் குழிகளில் 'இல்லம்' என்று சொல்கிற கல்மண்ணைத் தோண்டியெடுத்து, கூடையில் போட்டுத் தண்ணீரில் அலசுவார்கள். நீலக்கல் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பழுப்பு, மஞ்சள், பச்சை என்று விலை குறைந்த கற்களும் வரும். இப்படிப் பல நிறத்தில் கிடைக்கும் கற்களைச் சிங்களத்தில் 'தோரமல்லி' என்பார்கள். 1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து இந்தக் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பெயரும் கூடவே கப்பலேறியது. இன்றைக்கு உலகம் 'டூர்மலின்' என்று சொல்லும் கனிமத்தின் பெயர் அந்தத் தோரமல்லியிலிருந்து வந்ததுதான்.

அங்கே போன கல் ஒரு வேடிக்கை காட்டியது. சூடாக்கினால் சாம்பலைத் தன் பக்கம் இழுத்தது. ஒல்லாந்தர் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர் வைத்தார்கள். தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ், இலங்கைத் தாவரங்கள் பற்றி 1747ல் வெளியிட்ட நூலில் இதை 'மின்சாரக் கல்' என்று குறிப்பிட்டார். 1756ல் ஏபினஸ் என்ற ஜெர்மன் அறிஞர், சூடாகும்போது கல்லின் இரண்டு முனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றம் உண்டாகிறது என்று காட்டினார்.

அடுத்த கேள்வியைக் கேட்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சூடாக்கினால் மின்சாரம் வருகிறது, சரி, அழுத்தினால்? 1880ல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி டூர்மலின், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்திப் பார்த்தார்கள். மின்சாரம் வந்தது. பியருக்கு அப்போது வயது 21. அடுத்த வருடமே மறுபக்கத்தையும் நிரூபித்தார்கள்: மின்சாரம் கொடுத்தால் படிகம் மிக நுணுக்கமாகச் சுருங்கி விரிகிறது. வேகமாகச் சுருங்கி விரிகிற எதுவும் ஒலியை உண்டாக்கும். ஸ்கேன் மெஷினின் உயிர் இதுதான். டொக்டர் கையில் பிடிக்கும் புரோபுக்குள் இன்று பெரும்பாலும் இருப்பது இயற்கைக் கல் இல்லை, செயற்கைப் பீங்கான் வகை. ஆனால் வேலை செய்வது அதே தத்துவம்.

நீர்மூழ்கி முதல் மாட்டிறைச்சி வரை

மலைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் திரும்பி வரும். எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று தெரிந்தால் மலை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். முதலாம் உலகப் போரில் இந்தக் கணக்கைக் கடலுக்குள் போட்டவர் பியர் கியூரியின் மாணவர் போல் லாஞ்செவின். 1917ல் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து, மனிதக் காது கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பினார். தேடியது ஜெர்மன் நீர்மூழ்கிகளை. பிறகு தொழிற்சாலைகள் இதே முறையால் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கின. ஆக, மனுச உடம்புக்கு முன்னாலேயே கப்பலையும் இரும்பையும் பார்த்தாச்சு.

1955ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று மருத்துவர், அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பைச் சோதிக்கும் மெஷினைக் கட்டிகள் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. நீர் நிறைந்த கட்டிக்கும் சதைக் கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது. டொம் பிரவுன் என்ற எஞ்சினியர் இதைக் கேள்விப்பட்டுத் தானே ஃபோன் பண்ணி வந்து சேர்ந்தார். அவருக்கும் வயது இருபதுகளின் தொடக்கம்தான், நம்ம வயசு. அவர்களும் ஜோன் மெக்விகாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958 ஜூன் மாதம் லான்செட் இதழில் வெளிவந்தது.

ஆடு, குதிரை, பிறகு பூனை

மிருகங்களிடம் இந்த மெஷின் வந்த வரிசையைப் பாருங்க. 1966ல் லிண்டால் என்ற ஆய்வாளர் செம்மறி ஆடு சினையா இல்லையா என்று அல்ட்ராசவுண்டில் கண்டுபிடிப்பது பற்றி எழுதினார். 1980ல் பிரான்சில் குதிரைகளின் கருப்பையைப் பார்த்தார்கள். மாடுகளுக்கும் வந்தது. எல்லாமே சினை பற்றிய கேள்வி. குட்டி வருமா, பால் வருமா, காசு வருமா.

பூனை குட்டி போட்டால் யாருக்கும் காசு வராது. மேற்கு நாடுகளில் பூனை வீட்டு உறுப்பினராக மாறிய பிறகுதான், அதன் ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்ற கேள்வி ஸ்கேன் அறைக்குள் வந்தது. வந்த பிறகு விளைச்சல் சின்னதில்லை. பாரசீகப் பூனைகளின் சிறுநீரகத்தில் நீர்க்கொப்புளங்கள் பெருகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. பத்து மாதம் தாண்டிய பூனையில் பெரும்பாலும் ஸ்கேனில் தெரிந்துவிடும். 2004ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு வரும் இதே வகை நோயில் பெரும்பாலும் பழுதாவதும் அதே மரபணுதான்.

இலங்கையில் கால்நடை மருத்துவக் கல்வி 1947ல், அன்றைய இலங்கைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்குள் ஒரு பிரிவாகத் தொடங்கியது. இன்று பேராதனையில் அது தனிப் பீடம், கூடவே போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. எங்கள் கலைப் பீடத்திலிருந்து நடந்தே போகலாம். நிவித்திகலையிலிருந்து வருவதென்றால் இரத்தினபுரி, அவிசாவளை, கேகாலை எல்லாம் தாண்டி, பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வரணும்.

உள்ளே என்ன தெரியும்?

பூனை நோயை மறைக்கும் பிராணி. அதனால்தான் உள்ளே பார்ப்பது முக்கியமாகிறது. வயிற்று முடியை வழித்து, இடையில் காற்று நிற்காமல் ஜெல் பூசி, புரோபை வைப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை. பூனை சின்ன உடம்பு என்பதால் வினாடிக்கு 75 இலட்சம், ஒரு கோடி அதிர்வு என்று உயர்ந்த அலைவரிசையைப் பயன்படுத்துவார்கள். அது ஆழமாகப் போகாது, ஆனால் படம் துல்லியமாக வரும்.

ஆரோக்கியமான பூனையின் சிறுநீரகம் சுமார் 3 முதல் 4.3 சென்ரிமீற்றர் நீளம். நாள்பட்ட நோயில் அது சுருங்கி, விளிம்பு கோணலாகி, வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் முக்கால்வாசி போய்விட்டிருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பல நாள் சாப்பிடாத பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி, ஈரல் முழுக்க வெளுத்துத் தெரியும். இதயத்தில் இடது கீழறைச் சுவர் 6 மில்லிமீற்றர் அளவுக்குத் தடித்திருந்தால் இதயத்தசை நோயைச் சந்தேகிப்பார்கள்.

ஸ்கேன் காட்டுவது உருவத்தை. வேலை செய்கிறதா என்று சொல்ல இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையும் வேணும். குடல் தடித்திருப்பது தெரியும், அது அழற்சியா புற்றுநோயா என்பதைப் பல நேரம் சதைத்துண்டு எடுத்துப் பார்த்துத்தான் சொல்லலாம். வாயு நிறைந்த குடலுக்கும் எலும்புக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

இடையில் ஒன்று சொல்லியே ஆகணும். பூனை சோர்ந்து கிடந்தால் காய்ச்சல் என்று நினைத்து பனடோல் கொடுக்காதீங்க. அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரையே கொல்லப் போதும்.

கணக்கில் வராத உடம்பு

"மனுசருக்கே ஒழுங்கா ஸ்கேன் கிடைக்கல, பூனைக்கா?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும். தோட்டத்து மருத்துவத்துக்கென்று இலங்கையில் சட்டம் வந்தது 1872ல், கோப்பிக் காலத்தில். பிறகு வந்த டிஸ்பென்சரிகளும் தோட்ட ஆஸ்பத்திரிகளும் உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது: படுத்த ஆள் பெரட்டுக்கு வரமாட்டார். உடம்பைப் பார்த்தது அது செய்யும் வேலைக்காக. வேலைக்குப் போகாத முதியவர்களின் உடம்பு அந்தக் கணக்கில் எங்கே இருந்தது என்று நம்ம தாத்தா பாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்க.

ஆட்டையும் மாட்டையும் முதலில் ஸ்கேன் பண்ணியதும் அதே கணக்குத்தான். பிரயோசனம் இருந்தால் பார், இல்லாவிட்டால் விடு. அந்தக் கணக்கை நமக்குப் போட்டபோது பிழை என்று சொன்ன நாம், காம்பிராவில் எலி பிடித்துக்கொண்டு நம்மோடு படுத்துத் தூங்கும் பிராணிக்கு அதையே போடலாமா?

தீர்வு ஒன்றும் ஆகாயத்தில் இல்லை. ஃபோனில் செருகும் அளவு சின்ன ஸ்கேன் கருவிகள் வந்துவிட்டன. அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் பிரதேசம் தோறும் இருக்கின்றன. தோட்டத்து ஆளுங்களுக்கு அவரைத் தெரிவது மாட்டுக்கு ஊசி போட வருகிறவராக மட்டும்தான். மாட்டுச் சினை பார்க்க வாங்கும் மெஷினோடு பொருத்தமான ஒரு புரோபும் அதற்கான பயிற்சியும் சேர்ந்தால், அதே மேசையில் பூனையையும் பார்க்கலாம். அடுத்த முறை பசுவுக்கு அவரைக் கூப்பிடும்போது, பூனையைக் கொண்டுவந்தால் பார்ப்பீங்களா என்று கேட்டு வையுங்க. கேட்கிற ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மெஷின் கேட்டுக் கடிதம் எழுத அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.